பிறந்த குழந்தையின் காவற்படை

குழந்தை பிறந்து முதற்குரல் எழுப்பியபின் கொப்பூழ்க்கொடியைக் கட்டி அறுக்கின்றனர். ஒன்பது திங்களாகத் தாயையும் சேயையும் பிணைத்து நின்ற கொடி அத்துடன் தன் பணியை முடித்துக்கொள்கிறது. பின்னர் வெளிப்படும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். மருத்துவமனைகளில் அது கழிவோடு கழிவாக அகற்றப்படுவதே பெரும்பான்மை. 'நஞ்சு' என்னும் பெயரே அது வேண்டாத பொருள் என்ற எண்ணத்தை நம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஆயினும், அக்கொடியிலும் அதன் கிளை நாளங்களிலும் எஞ்சி நிற்கும் இரத்தத்தை இன்று மருத்துவர் சிலர் தூய பைகளில் வடித்தெடுத்து, நீர்ம நைட்ரஜனின் கடுங்குளிரில் உறையவைத்துப் பல ஆண்டுகள் பேணுகின்றனர். அளவிலோ அது 100 மில்லிலிட்டர். பெரும்பாலும் அதனினும் குறைவு. இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணைப் பெரிய மதிப்பு எதனால் வந்தது?

விடை வியப்பானது. அந்த இரத்தத்திலுள்ள நோய்த்தடுப்பு அணுக்கள் இன்னும் முதிராதவை. அதுவே அவற்றின் மதிப்பு. பிறந்த குழந்தையை நோய்க்கு எளிதில் இரையாக்குவதும் அந்த முதிராமையே; வேறொரு குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்தாவதும் அந்த முதிராமையே. ஒரே இயல்பு குறையாகவும் நிறையாகவும் விளங்குவது எவ்வாறு? அவ்வணுக்கள் எங்கே தோன்றி எவ்வாறு முதிர்கின்றன? இவற்றையே இப்பேச்சில் காண்போம்.

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். கொப்பூழ்க்கொடியில் ஓடுவது தாயின் இரத்தமன்று; குழந்தையின் இரத்தமே. நஞ்சுக்கொடியினுள் தாயின் இரத்தம் ஒருபுறமும் சேயின் இரத்தம் மறுபுறமுமாக, மெல்லிய திசுச்சுவரால் பிரிக்கப்பட்டு ஓடுகின்றன. ஆக்சிஜனும் உணவுப் பொருள்களும் அச்சுவரைக் கடந்து சேயை அடைகின்றன. இரத்த ஓட்டங்கள் இரண்டும் ஒன்றாகக் கலப்பதில்லை. ஆதலின் கொடி இரத்தத்தைச் சோதிப்பவர், பிறந்த கணத்தில் குழந்தையின் உடல் எந்நிலையில் இருந்தது என்பதை, அக்குழந்தைக்கு ஊசிமுனையளவு துன்பமும் தராமல் அறிந்துகொள்ளலாம்.

நம் உடலின் காவலர் இருவகையினர். முதல் வகையினரை வாயிற்காவலர் எனலாம். நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள், கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் பேருண்ணிகள், கிளைகள் போன்ற நீட்சிகளையுடைய கிளையணுக்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அயலான் எவனாயினும் இவை உடனே தடுக்க முற்படும். ஆனால் இன்ன பகைவன் என்று தனித்து அறியா. இரண்டாம் வகையினர் கற்றறிந்த காவலர். இவர்களுள் 'டி' அணுக்கள், 'பி' அணுக்கள் என இரு பிரிவினர் உண்டு. ஒவ்வோர் அணுவும் ஒரு குறிப்பிட்ட பகைவனை மட்டுமே அடையாளம் காணும். அப்பகைவனைச் சந்தித்ததும் அது பன்மடங்காகப் பெருகும். 'டி' அணு, கிருமி புகுந்த உயிரணுக்களை அழிக்கும் அல்லது பிற அணுக்களை ஏவும். 'பி' அணு எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். போர் முடிந்தபின் ஒரு சில அணுக்கள் அப்பகைவனின் நினைவைத் தாங்கி நெடுங்காலம் வாழும். இவற்றை நினைவணுக்கள் என்பர். ஒருமுறை தட்டம்மை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை அது வாராமைக்கு இந்நினைவே காரணம்.

இக்காவலர் அனைவரும் மூல உயிரணுக்களிலிருந்து தோன்றுகின்றனர். கருவின் தொடக்க வாரங்களில் இரத்தம் பிறக்கும் இடம் கருவுணவுப்பை. பின்னர் அத்தொழில் ஈரலுக்கு மாறுகிறது. கருவளர்ச்சியின் பிற்பகுதியில் எலும்பு மஜ்ஜை அதனை ஏற்றுக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நடத்துகிறது. ஊர்விட்டு ஊர் மாறும் இந்தப் பயணத்தின் இறுதிக் கட்டத்தில்தான் குழந்தை பிறக்கிறது. எனவே கொடி இரத்தத்தில், வளர்ந்தோரின் இரத்தத்தில் காண்பதைவிட மிகுதியான மூல உயிரணுக்கள் மிதந்து செல்கின்றன. இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

'டி' அணுக்களுக்கு மட்டும் தனிப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. மார்பெலும்பின் பின்னே, இதயத்தை ஒட்டி அமைந்துள்ள தைமஸ் சுரப்பியே அது. இச்சுரப்பி குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. அதனால் இது பயனற்ற உறுப்பு என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1961-ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இலண்டனில் அக்கருத்தைத் தகர்த்தார். பிறந்தவுடன் சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அவர் அகற்றிவிட்டார். அக்குஞ்சுகளின் இரத்தத்தில் நிணநீரணுக்கள் அருகிப் போயின. அவை எளிதில் நோய்க்கு இரையாயின. பிற எலியின் தோலை ஒட்டினால் அதனை அயலது என்று ஒதுக்கவும் அவற்றால் இயலவில்லை. வளர்ந்த எலியின் தைமஸை அகற்றினாலோ இத்துணைத் தீங்கு உடனே விளையவில்லை. பள்ளிப்பருவம் தவறினால் கல்வி தவறும் என்பது அணுக்களுக்கும் பொருந்தும் போலும்!

அப்பள்ளியின் தேர்வு மிகக் கடுமையானது. உடலின் அடையாளத்தை அறியமாட்டாத அணு தேர்வில் தவறும். சொந்த உடலையே பகையென்று கொள்ளும் அணுவும் தவறும். தவறியவை மடிந்தொழிகின்றன. தேறி வெளிவருவன 100-க்கு 5-க்கும் குறைவானவையே. மனிதக் கருவில் இப்பள்ளி மிக விரைவில் தொடங்கிவிடுகிறது. கருவளர்ச்சியின் நான்காம் திங்களுக்குள் தேறிய 'டி' அணுக்கள் கருவின் இரத்தத்தில் உலவத் தொடங்குகின்றன. ஆகவே, பிறக்கும் குழந்தையிடம் படைவீரர் இல்லை என்பது பிழை. படை உண்டு, எண்ணிக்கையும் குறைவன்று. இல்லாதது போர் அனுபவம்.

கொடி இரத்தத்தை நுட்பமாகச் சோதித்தால் இவ்வுண்மை தெளிவாகிறது. வளர்ந்த மனிதரின் 'டி' அணுக்களில் ஏறத்தாழப் பாதி, முன்னர்ப் பகைவரைச் சந்தித்து நினைவு பெற்றவை. கொடி இரத்தத்திலோ 100-க்கு 80-க்கும் மேற்பட்டவை எப்பகைவரையும் சந்தியாத பயிலாத அணுக்கள். அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரத அடையாளங்களே அவை தைமஸிலிருந்து அண்மையில் வெளிவந்தவை என்பதைக் காட்டிவிடுகின்றன. அவற்றைத் தூண்டினால், கிருமியை முழுவேகத்தில் தாக்கச் சொல்லும் காமா இண்டர்பெரான் என்னும் செய்திப்பொருளை வளர்ந்தோரின் அணுக்களைவிடக் குறைவாகவே சுரக்கின்றன. அவற்றுக்குப் பாடம் சொல்ல வேண்டிய கிளையணுக்களும் தாக்குதலைத் தூண்டும் பொருளைத் தாழ்ந்த அளவிலேயே வெளியிடுகின்றன. நியூட்ரோபில் அணுக்கள் புண்பட்ட இடத்துக்கு விரைந்து செல்வதில் மந்தமானவை. மஜ்ஜையில் அவற்றின் சேமிப்பும் சிறிது. 'இளங்கன்று பயமறியாது' என்பது பழமொழி. பயம் மட்டுமன்று, பகையும் அறியாத இளங்கன்றுகள் இவை.

இயற்கை ஏன் இவ்வாறு செய்தது? ஒன்பது திங்கள் இருந்தும் படைக்குப் போர்ப்பயிற்சி ஏன் தரவில்லை? கருப்பையின் நிலையை எண்ணிப் பார்த்தால் விடை புலப்படும். சேயின் உடலில் பாதி தந்தையின் மரபு. எனவே தாயின் உடலுக்கு அது பாதி அயலது. அவ்வாறே தாயின் மரபில் சேய் பெறாத பாதி, சேய்க்கு அயலது. அயலுறுப்பை ஒட்டினால் ஒதுக்கிவிடும் உடல்கள் இரண்டு, ஒன்பது திங்கள் ஒன்றனுள் ஒன்றாகப் பகையின்றி வாழ்வது எங்ஙனம்? இவ்வினாவை 1953-ஆம் ஆண்டில் பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில உயிரியல் அறிஞர் எழுப்பினார். அதே ஆண்டில் அவரும் பில்லிங்காம், பிரெண்ட் என்னும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அரிய உண்மையை நிறுவினர். கருவிலுள்ள சுண்டெலிக் குஞ்சுக்குள் வேறோர் இன எலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். அக்குஞ்சு பிறந்து வளர்ந்தபின் அவ்வினத்தின் தோலை அதன் மேல் ஒட்டினர். அது ஒதுக்கப்படவில்லை. கருப்பருவத்தில் அறிமுகமானவரை உடல் உறவினராகவே கொள்ளும் என்பது இதனால் விளங்கிற்று. இவ்வுண்மைக்காக மெடவாருக்கும், ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட்டுக்கும் 1960-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதக் கருவிலும் இத்தகைய பொறுமைக்கு ஏற்பாடு உண்டு. இரத்த ஓட்டங்கள் கலப்பதில்லை என்றேன். ஆனால் தாயின் உயிரணுக்கள் மிகச் சில மட்டும் சுவரைக் கடந்து சேயின் உடலில் குடியேறிவிடுகின்றன. 2008-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர், கருவின் நிணநீர்க் கணுக்களில் அத்தாயணுக்களைக் கண்டனர். கருவின் 'டி' அணுக்கள் அவற்றை எதிர்த்து எழாமல், போரை அடக்கும் கட்டுப்பாட்டணுக்களாக மாறியிருந்தன என்பதையும் கண்டனர். அத்தகைய அணுக்கள் சில, குழந்தை வளர்ந்தபின்னும் நிலைத்திருந்தன. எனவே நாம் முதிராமை என்று அழைப்பதன் ஒரு பகுதி உண்மையில் அடக்கம். கருப்பையினுள் வாளை உருவுபவன் தாயை வெட்டுவான் அல்லவா? அங்கு வாள் உறையில் இருப்பதே அறிவுடைமை.

ஆனால் அந்த அடக்கத்துக்கு ஒரு விலை உண்டு. கிருமிகள் அருகிய கருப்பையிலிருந்து, கிருமிகள் நிறைந்த உலகுக்குக் குழந்தை ஒரே நாளில் வந்து சேர்கிறது. 2022-ஆம் ஆண்டில் பிறந்த 28 நாட்களுக்குள் உலகில் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 இலட்சம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு கூறுகிறது. குறைமாதப் பிறப்பும் பிறப்பின்போது நேரும் மூச்சுத்திணறலும் அவ்விறப்புக்களின் காரணங்களுள் முன்னிற்பவை. கிருமி நோய்களும் அவற்றோடு சேர்ந்து நிற்கின்றன. வளர்ந்தவருக்குச் சிறு கொப்புளத்தோடு நின்றுவிடும் கிருமி, பிறந்த குழந்தையின் இரத்தத்தில் புகுந்து பரவிவிடக்கூடும். அப்போது காய்ச்சல் வருமென்று காத்திருப்பதும் தவறு. அச்சிசுவின் உடல் சில வேளைகளில் சுடுவதற்கு மாறாகக் குளிர்ந்துபோகும். பால் குடிக்க மறுப்பதே நோயின் முதற்குறியாகவும் இருக்கலாம்.

இந்த ஆபத்தான இடைக்காலத்தைக் கடக்கத் தாய் இரண்டு கொடைகளைத் தருகிறாள். முதற்கொடை, பிறக்கும் முன்பே தரப்படுவது. தாய் தன் வாழ்நாளில் வென்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்த 'ஜி' வகை எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைகின்றன. அவை தாமே கசிவதில்லை. நஞ்சுக்கொடியின் உயிரணுக்களில் உள்ள ஒரு புரதம் அவற்றைப் பற்றி ஏந்திச் சென்று மறுகரையில் விடுகிறது. மிகுதியான அளவு கடைசி மூன்று திங்களில்தான் கடக்கிறது. ஆதலின் நிறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் இவ்வெதிர்ப்பொருள் தாயின் அளவுக்குக் குறையாமல் இருக்கும். குறைமாதக் குழந்தையோ இப்பெருஞ் செல்வத்தின் பெரும் பகுதியை இழந்தே பிறக்கிறது.

இரண்டாம் கொடை தாய்ப்பால். தாய்ப்பாலின் வழியே நோய்த்தடுப்பு ஆற்றல் குட்டியை அடைவதைப் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1892-ஆம் ஆண்டிலேயே எலிகளைக் கொண்டு காட்டினார். மனிதத் தாயின் முதற்பாலாகிய சீம்பாலில் 'ஏ' வகை எதிர்ப்பொருள் செறிந்துள்ளது. அது குடலின் உட்பரப்பில் படர்ந்து நின்று கிருமிகள் புகாதவாறு காக்கிறது. மஞ்சள் நிறமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது என்ற காரணத்தால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் பழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் உண்டு. படையில்லாத கோட்டையின் மதிலையும் இடிப்பதற்கு ஒப்பானது அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துவதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

தாய் தந்த எதிர்ப்பொருள் கடன் போன்றது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். குழந்தை தானே ஈட்டத் தொடங்குவதோ மெல்ல மெல்ல. எனவே மூன்று முதல் ஆறு திங்கள் வரையுள்ள காலத்தில் 'ஜி' வகை எதிர்ப்பொருளின் அளவு மிகத் தாழ்ந்து நிற்கும். அதற்குள் குழந்தையின் அணுக்கள் தம் கல்வியில் முன்னேறியாக வேண்டும்.

அக்கல்வி பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. முதல் ஆசிரியர்கள் யார் தெரியுமா? குழந்தையின் தோலிலும் வாயிலும் குடலிலும் குடியேறும் தீங்கற்ற நுண்ணுயிர்களே. 2018-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்து ஆராய்ச்சியாளர் 100 குழந்தைகளின் கொடி இரத்தத்தையும், அவர்களின் முதல் வாரம், நான்காம் வாரம், பன்னிரண்டாம் வாரம் ஆகிய காலங்களின் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். குறைமாதக் குழந்தைகளும் நிறைமாதக் குழந்தைகளும் பிறக்கும்போது வேறுபட்ட அணுநிலை உடையவராக இருந்தனர். ஆனால் மூன்று திங்கள் கழிந்தபோது இருசாராரும் ஒரே வகையான நிலையை எய்தியிருந்தனர். கருப்பையில் எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, வெளியுலகில் நுண்ணுயிரோடு பழகியதே முதிர்ச்சிக்குப் பெருந்துணை என்பது இதனால் பெறப்படுகிறது.

இரண்டாம் ஆசிரியர் தடுப்பூசி. பயிலாத அணுக்கள் கற்க இயலாதவை அல்ல. 1999-ஆம் ஆண்டில் காம்பியா நாட்டில் நடந்த ஆராய்ச்சி இதற்குச் சான்று. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியைப் பிறந்தவுடன் பெற்ற குழந்தைகளின் 'டி' அணுக்கள், காமா இண்டர்பெரானைத் தாராளமாகச் சுரந்து விடை தந்தன. தக்க ஆசிரியர் வாய்த்தால் மந்த மாணவனும் தேறுவான் என்பது மெய்யாயிற்று. நம் நாட்டில் பி.சி.ஜி., போலியோச் சொட்டு, 'பி' வகை மஞ்சட்காமாலைத் தடுப்பூசி ஆகியவை பிறந்தவுடன் தரப்படுவது இதனாற்றான். ஆனால் எல்லாப் பாடங்களையும் முதல்நாளே கற்பிக்க முடியாது. தாய் தந்த எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும்போது தட்டம்மை ஊசியிலுள்ள வலுவிழந்த வைரஸை அது அழித்துவிடும்; எனவே அவ்வூசி ஒன்பது திங்கள் நிறைந்தபின் தரப்படுகிறது. வேறு சில கிருமிகள் சர்க்கரைப் பொருளாலான போர்வை போர்த்தவை. அப்போர்வையை மட்டும் காட்டினால் ஏறத்தாழ இரண்டு வயது வரை குழந்தையின் 'பி' அணுக்கள் சரிவர விடை தரமாட்டா. அதனால் அறிஞர்கள் அச்சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தருகின்றனர். புரதத்தைக் கண்ட 'டி' அணு துணைக்கு வர, 'பி' அணு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. 6, 10, 14 வாரங்களில் ஊசி மீண்டும் மீண்டும் இடப்படுவது, படித்த பாடத்தைத் திரும்பப் படிப்பது போன்றதே. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். தொட்டிற்பருவத்தில் நினைவணுக்கள் கற்ற பாடங்களுள் சில வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றன.

இனி, முதிராமை நிறையாகும் விந்தைக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பாரிஸ் நகரத்துச் செயின்ட் லூயி மருத்துவமனையில், ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு எலியான் குளுக்மன் என்னும் மருத்துவ அம்மையார் ஒரு புதிய சிகிச்சை அளித்தார். அச்சிறுவனுக்குப் பன்கோனி சோகை என்னும் பரம்பரை நோய். அவனுடைய மஜ்ஜை இரத்தம் உண்டாக்கும் ஆற்றலை இழந்துகொண்டிருந்தது. அவனுக்கு அந்நோயில்லாத தங்கை பிறந்தாள். அவளது கொடி இரத்தத்தைச் சேமித்து, அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மெயர் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் உறையவைத்து, கடல் கடந்து கொண்டுவந்து அவன் உடலில் செலுத்தினர். நான் முன்னர்க் கூறிய மூல உயிரணுக்கள் அவனுடைய மஜ்ஜையில் குடியேறிப் புதிய இரத்தத்தைப் படைத்தன. அவன் நலம்பெற்று வளர்ந்து ஆளானான்.

மஜ்ஜை மாற்றத்தில் பெரிய இடர் ஒன்று உண்டு. கொடையாக வந்த 'டி' அணுக்கள், நோயாளியின் உடலையே அயலதென்று கருதித் தாக்கக்கூடும். ஆதலின் கொடுப்பவர், பெறுபவர் இருவருடைய திசு அடையாளங்களும் மிக நெருங்கிப் பொருந்த வேண்டும். கொடி இரத்தத்தின் அணுக்களோ பயிலாதவை, பொறுமை மிக்கவை. எனவே ஆறு முக்கிய அடையாளங்களில் நான்கு பொருந்தினாலும் பல வேளைகளில் அவ்விரத்தத்தைப் பயன்படுத்த முடிகிறது. உறவில் கொடையாளர் கிடைக்காத எத்தனையோ நோயாளிகளுக்கு இது வாழ்வளித்தது. நியூயார்க்கு நகரில் 1992-ஆம் ஆண்டில் பொதுக் கொடி இரத்த வங்கி தொடங்கப்பட்டது இப்பயன் கருதியே. ஆயினும் இங்கும் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. மூல உயிரணுக்களின் மொத்த அளவு சிறிது. எனவே புதிய இரத்தம் தோன்றக் கூடுதல் நாட்கள் ஆகின்றன. பெரியவர்க்கு இரண்டு குழந்தைகளின் கொடி இரத்தம் வேண்டியிருக்கலாம். பயிலாத அணுக்கள் பாடம் கற்கும் வரை நோயாளி கிருமி நோய்களுக்கு அஞ்சியே வாழவேண்டும். பிறந்த குழந்தைக்குள்ள அதே இடர் அவருக்கும் வந்துவிடுகிறது!

இதனையொட்டி இரு எச்சரிக்கைகளும் வேண்டும். தம் குழந்தையின் எதிர்காலத்துக்கென்றே கொடி இரத்தத்தைப் பணம் கொடுத்துச் சேமித்து வைப்போர் பலர். ஆனால் குழந்தைக்குப் பரம்பரை இரத்தநோய் வந்தால், சேமித்த இரத்தத்திலும் அதே குறை இருக்கும். எவர்க்கும் பயன்படும் பொது வங்கிக்கு அளிப்பதே சமுதாயத்துக்கு நன்மை. மேலும் அவ்விரத்தம் முதலில் குழந்தைக்கு உரியது. பிறந்தபின் ஒரு நிமிடமேனும் காத்திருந்து கொடியைக் கட்டினால், அதில் ஒரு பகுதி குழந்தையின் உடலுக்கே திரும்பி இரும்புச் சத்தைப் பெருக்கும். சேமிப்பதற்காக அவசரப்பட்டு அறுப்பது முறையன்று.

மாணவர்களே, உங்கள் உடலில் இன்று காவல் புரியும் நினைவணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் எதுவும் அறியாத இளம் அணுவாக இருந்தவற்றின் வழிவந்தவையே. அவை ஊனமாகப் பிறக்கவில்லை. தாயோடு சமாதானமாக வாழத் தக்கவாறு அமைந்து, பின்னர் உலகோடு பழகக் கற்றுக்கொண்டன. கற்கும் அக்காலம் வரை அவற்றுக்குப் புறத்தே இருந்து ஒரு வேலி வேண்டும். தூய கைகள், சீம்பால், வேளை தவறாத தடுப்பூசி ஆகிய மூன்றுமே அவ்வேலி. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை பிறக்கும்போது, பெரியவர் எவரேனும் சீம்பாலைக் கொட்டச் சொன்னால், அது ஏன் கூடாது என்று பணிவோடும் தெளிவோடும் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் பெற்ற அறிவியல் கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.